மூணு டெனர், ஒரே மேடை: 1990 ரோம் கச்சேரிய எப்படி கேக்குறது, எப்படி பாக்குறது

ஓபரா பக்கமே தலைவச்சு படுக்காதவங்க கூட இந்த ஒரு கச்சேரியோட துண்டு துணுக்கு எதையாவது எங்கயாவது பாத்திருப்பீங்க. ராத்திரி நேரம், பின்னாடி லைட் போட்ட பழைய ரோமன் இடிபாடு, கருப்பு கோட்டு போட்ட மூணு பேரு, அதுல தாடி வச்ச பெரிய உடம்புக்காரர் கையில ஒரு வெள்ளை கர்சீப், பாட்டு முடியுற இடத்துல வாய அகலமா தொறந்து ஒரு ஸ்வரத்த புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு, ஜனம் பைத்தியமா கத்துது. அதுதான் 1990 ஜூலை 7, ரோம், கரகல்லா குளியல் மண்டபம். பாடினவங்க லுச்சியானோ பாவரோட்டி, பிளாசிடோ டொமிங்கோ, ஹோசே கரேராஸ். 'த்ரீ டெனர்ஸ்'னு பேரு ஒட்டிக்கிச்சு, டெனர்னா உசந்த ஆம்பள குரல். ஆர்கெஸ்ட்ராவ நடத்தினது மும்பைல பொறந்த ஜுபின் மேத்தா.

"நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏன் இப்படி உயிர விட்டு கத்துறாங்க, என்னதான் நடக்குது"ன்னு கேக்குறவங்களுக்காக இத எழுதுறேன். ஓபரா வரலாறெல்லாம் ஆரம்பிச்சா விடியாது, அது வேணாம். ஒண்ண மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், அந்த வீடியோல நீங்க பாக்குறது ஓபராவே கிடையாது. ஓபராங்குறது வேஷம், செட்டு, கதை எல்லாத்தோடயும் ரெண்டு மூணு மணி நேரம் நடக்குற நாடகம், வசனத்துக்கு பதிலா பாட்டு. இங்க அந்த நாடகங்கள்லருந்து பேர் போன பாட்டுங்கள மட்டும் உருவி எடுத்து, மைக் வச்சு, திறந்தவெளில, கேமராவுக்காக பாடுறாங்க. உருவினதுல என்ன போச்சு, மைக்கும் கேமராவும் வந்ததுல என்ன கெடைச்சுதுன்னு தெரிஞ்சுட்டா அதே வீடியோ வேற மாதிரி தெரியும்.

முதல்ல ஏன் அந்த நாள், ஏன் அந்த மூணு பேரு. அந்த வருஷம் ஃபுட்பால் உலகக் கோப்பை இத்தாலில நடந்துச்சு, மறுநாள் ஜூலை 8 அதே ரோம்ல ஃபைனல், மேற்கு ஜெர்மனி அர்ஜென்டினாவ 1-0ன்னு ஜெயிச்ச மேட்ச். ஊர் உலகத்து டிவிக்காரங்க பூரா ரோம்ல டேரா போட்டிருந்த நேரம். பாடுற மூணு பேருமே ஃபுட்பால் வெறியங்க வேற, டொமிங்கோவுக்கு ரியல் மாட்ரிட், கரேராஸுக்கு பார்சிலோனா, பாவரோட்டிக்கு யுவென்டஸ். மாரியோ ட்ராடின்னு ஒரு இத்தாலிய தயாரிப்பாளர்தான் இந்த கச்சேரிய ஏற்பாடு பண்ணாரு. ஆனா இதுக்கெல்லாம் அடில இருந்த காரணம் கரேராஸோட உடம்பு. 1987ல பாரிஸ்ல 'லா போஹேம்' ஓபராவ சினிமாவா எடுத்துட்டு இருந்தப்ப அவருக்கு ரத்தப் புற்றுநோய்னு தெரிய வந்துச்சு, வயசு 40. பார்சிலோனாலயும் அமெரிக்கால சியாட்டில்லயும் சிகிச்சை, எலும்பு மஜ்ஜை மாற்று, பொழைப்பாரான்னே சந்தேகமா இருந்த நிலைமை. பொழைச்சு 1988ல திரும்ப மேடை ஏறினாரு, அதே வருஷம் லுக்கேமியா நோயாளிங்களுக்காக ஒரு அறக்கட்டளையும் ஆரம்பிச்சாரு. ரோம் கச்சேரி அந்த அறக்கட்டளைக்கு நிதி சேக்கவும், ஆளு திரும்பி வந்துட்டாருன்னு மத்த ரெண்டு பேரும் கூட நின்னு கொண்டாடவும் நடந்தது. அதனாலதான் முதல் பாட்டே அவருது.

அந்த முதல் பாட்ட கவனிச்சு கேளுங்க. சிலேயான்னு ஒரு இசையமைப்பாளரோட 'லார்லெசியானா' ஓபராலருந்து, காதல்ல தோத்த ஒரு பையன் பாடுறது. ஆடு மேய்க்கிற பையன் கவலைய மறந்து தூங்கிட்டான், எனக்கும் அந்த மாதிரி ஒரு தூக்கம் வந்தா தேவலையேங்குறான். கச்சேரியோட கடைசி பாட்டு என்னன்னா, ஊர்ல ஒருத்தனும் தூங்கக்கூடாதுங்குற 'நெஸ்ஸுன் டோர்மா'. யாரும் திட்டம் போட்டு வச்ச மாதிரி தெரியல, ஆனா எனக்கு இது ரொம்ப பிடிச்ச பொருத்தம்.

இப்ப டெனருக்கு வருவோம். ஓபரால குரல வச்சுத்தான் வேஷம். ஆம்பளைங்கள்ல உசந்த குரல் டெனர், நடுவுல இருக்கிறது பாரிடோன், அடிக்குரல் பாஸ். பொம்பளைங்கள்ல சோப்ரானோ, மெட்ஸோ, கான்ட்ரால்டோ. 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓபராவ எடுத்துக்கிட்டா பெரும்பாலும் காதலன் டெனர், காதலி சோப்ரானோ, குறுக்க நிக்கிற வில்லனோ அப்பாவோ பாரிடோன், ராஜா பூசாரி மாதிரி வயசான கம்பீரமான ஆளுங்க பாஸ்.

டெனர்னா எவ்ளோ உசரம்? 'ஹை சி'ன்னு ஒரு ஸ்வரம், அதுதான் டெனரோட பேர் போன உச்சி. நம்ம கணக்குல சொல்றேன், 1 கட்டை சுருதி வச்சு பாடுற ஆண் வித்வான் மேல்ஸ்தாயி ஷட்ஜத்துல, அதாவது மேல 'ச'ல, நீளமா கார்வை குடுத்து நின்னாலே சபால கைதட்டு விழும், ஹை சி அதுக்கும் ஒரு ஸ்தாயி மேல இருக்கிற ஷட்ஜம். அத கள்ளக்குரல் போடாம முழுக் குரல்ல பாடணும், ஆர்கெஸ்ட்ராவ தாண்டி கடைசி வரிசைக்கு கேக்கணும். ஆம்பள குரல் இயல்பா அங்க போகாது. பேச்சுக் குரல்லருந்து ரொம்ப தூரம் ஏறி, உடைஞ்சுடுமோ உடைஞ்சுடுமோன்னு கேக்குறவனுக்கு வயித்த கலக்குற இடத்துல நிக்கணும். டெனருக்கு கெடைக்கிற கைதட்டுல பாதி அந்த பயத்துக்குத்தான்னு நான் நினைக்கிறேன், கிட்டத்தட்ட சர்க்கஸ். பாவரோட்டி 'ஹை சி'களின் ராஜான்னு பேர் வாங்கினதே டோனிசெட்டிங்குற இசையமைப்பாளரோட ஒரு ஓபரால ஒரே பாட்டுல வர்ற 9 ஹை சிய 1972ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரால அசால்ட்டா பாடித்தான்.

சரி, ஒரு ஓபரால நாயகன் டெனர் ஒருத்தர்தான். அப்ப உச்சத்துல இருக்கிற மூணு நாயக டெனர் ஒரே ஓபரால சேர்ந்து பாடுறதுக்கு வேலையே கிடையாது. மூணு மாஸ் ஹீரோவுக்கும் ஒரே படத்துல இன்ட்ரோ சாங் வைக்கிற கஷ்டம்னு வச்சுக்கோங்க. அதுவும் பாவரோட்டியும் டொமிங்கோவும் போட்டியாளருங்கன்னு உலகமே பேசிட்டு இருந்த காலம். கதைய தூக்கிட்டு பாட்ட மட்டும் வச்சாத்தான் இந்த மூணு பேர சேக்க முடியும், கச்சேரிங்குற வடிவம் அதுக்காகத்தான்.

மூணு குரலும் ஆரம்பத்துல ஒண்ணு மாதிரியே கேக்கும், பரவால்ல. ஒரு குறிப்பு சொல்றேன், என் காதுக்கு பட்டதுதான். பாவரோட்டி குரல் வெண்கல மணி மாதிரி பளிச்னு இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் தெளிவா விழும், இத்தாலி தெரியாட்டியும் வார்த்தைய பிரிச்சு கேக்கலாம். டொமிங்கோ பாரிடோனா ஆரம்பிச்சு டெனரா மாறினவர், அதனால குரல்ல ஒரு இருட்டு, ஒரு கனம் இருக்கும், நடிப்பும் அவர்கிட்டதான் ஜாஸ்தி. அவங்க அப்பா அம்மா ஸ்பெயின் நாட்டு 'சார்சுவேலா'ங்குற பாட்டு நாடகக் கலைஞருங்க, அந்த வகையிலருந்து 'நோ புவேதே செர்'னு ஒரு பாட்டு பாடுவாரு, சொந்த வீட்டு சாப்பாடு சாப்பிடுற சந்தோஷம் மூஞ்சில தெரியும். எனக்கு அந்த கச்சேரிலயே அதுதான் உச்சம், நெஸ்ஸுன் டோர்மா ரசிகருங்க சண்டைக்கு வரலாம். கரேராஸ் குரல் இதமானது, மென்மையானது, நோய்க்கு அப்புறம் மேல் ஸ்வரங்கள்ல கொஞ்சம் முட்டுக் குடுக்குற மாதிரி இருக்கும், அந்த முட்டலே பாட்டுக்கு ஒரு உருக்கத்த குடுத்துடுது.

ஓபராக்குள்ள கதைய நிப்பாட்டிட்டு ஒரு ஆளு தன் மனசுல இருக்கிறத தனியா கொட்டுற பாட்டுக்கு பேரு ஆரியா. இந்த கச்சேரில நெறைய அதுதான். ஆரியாவ கதை தெரியாம கேக்கலாம், ஆனா ரெண்டு வரி கதை தெரிஞ்சா கூட கேக்குற விதமே மாறிடும். உதாரணத்துக்கு டொமிங்கோ பாடுற 'ஏ லுச்சேவன் லெ ஸ்டெல்லே', இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியோட 'டோஸ்கா' ஓபராலருந்து. 1800ஆம் வருஷம், ரோம்ல ஒரு ஓவியன், விடிஞ்சா துப்பாக்கில சுட்டுக் கொல்லப்போறாங்க, கோட்டை மேல நின்னுக்கிட்டு காதலி வந்த ராத்திரிய நினைச்சு, நட்சத்திரம் மின்னிட்டு இருந்துச்சு, தோட்டத்துக் கதவு சத்தம் கேட்டுச்சு, இப்பப் பாத்தா வாழ்க்கைய நான் இவ்ளோ நேசிச்சதே இல்லையேன்னு அழுவான். இத அதே ரோம்ல, நெஜ ஆகாசத்துக்கு கீழ நின்னு பாடுறாரு. இன்னொண்ணு, டோஸ்கா 1900ல முதல்முதலா அரங்கேறினதும் ரோம் ஓபரா ஹவுஸ்லதான், அந்த ஓபரா ஹவுஸோட ஆர்கெஸ்ட்ராதான் அன்னைக்கு ஃப்ளோரன்ஸ் ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து பின்னாடி வாசிச்சுட்டு இருந்துச்சு.

அடுத்து எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கிற 'நெஸ்ஸுன் டோர்மா'. புச்சினியோட கடைசி ஓபரா 'துரான்டோட்'லருந்து, முடிக்கிறதுக்குள்ளயே 1924ல அவர் செத்துட்டாரு, மீதிய வேற ஒருத்தர் எழுதி 1926ல மிலான்ல அரங்கேறுச்சு. கதை பீக்கிங்ல, அதாவது இன்னைய பீஜிங்ல நடக்குது. துரான்டோட்னு ஒரு இளவரசி, அவள கட்டிக்க வர்றவன் மூணு விடுகதைக்கு பதில் சொல்லணும், தப்பா சொன்னா தலை போயிடும். கலாஃப்னு பேர் தெரியாம வந்த ஒருத்தன் மூணுக்கும் பதில் சொல்லிட்டான். அவளுக்கு அப்பவும் கல்யாணத்துல இஷ்டம் இல்ல. சரி, விடியறதுக்குள்ள என் பேர கண்டுபுடி, கண்டுபுடிச்சா நானே சாகுறேன்னு இவன் சவால் விடுறான். அந்த பேரு தெரியுற வரைக்கும் ஊர்ல ஒருத்தனும் தூங்கக்கூடாதுன்னு அவ ஆணை போட்டுடுறா. அந்த ராத்திரில கலாஃப் தனியா நின்னு, விடியும்போது நான் ஜெயிப்பேன்னு பாடுறதுதான் இது. நடுவுல பெண்கள் கோரஸ் ஒண்ணு தூரத்துலருந்து மெதுவா வரும், அவன் பேரு யாருக்கும் தெரியாது, நாமதான் சாகப்போறோம்னு. ஓபராவா பாக்குறப்ப இங்க இவனோட காதல் வீராப்புக்கு ஊரே விலை குடுக்கப்போகுதுன்னு ஒரு உறுத்தல் இருக்கும். கச்சேரில அது காணாமப் போயிடுது, வெறும் வெற்றிப் பாட்டா நிக்குது. கதைய உருவினா என்ன போகும்னு மேல சொன்னேன்ல, இதுதான் அது. ஃபுட்பாலுக்கு வெற்றிப் பாட்டு போதும், அதனாலதான் பிபிசி அந்த உலகக் கோப்பைக்கு இதையே டைட்டில் பாட்டா வச்சாங்க, பிரிட்டன்ல பாப் பாட்டுங்களோட போட்டி போட்டு ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. அவங்க போட்ட ரெக்கார்டிங்கும் 1972ல பாவரோட்டிய வச்சு ஜுபின் மேத்தா நடத்தினதுதான்.

அந்தப் பாட்டோட கடைசி வார்த்தை 'வின்சேரோ', ஜெயிப்பேன்னு அர்த்தம், அத இன்னும் கொஞ்சம் கிட்ட போய் பாக்கலாம். அதுல உச்ச ஸ்வரம் ஹை சி கிடையாது, அதுக்கு அரை ஸ்வரம் கீழ இருக்கிற பி. புச்சினி எழுதின தாள்ல அந்த பி ஒரு கண் சிமிட்டுற நேரம்தான், தொட்டுட்டு அடுத்த ஸ்வரத்துல எறங்கி அங்கதான் நீளமா நிக்கணும். டெனருங்க அத கேப்பாங்களா, அந்த 'பி'லயே போய் உக்காந்துக்குவாங்க, கண்டக்டர் குச்சிய தூக்கினபடியே காத்திருப்பாரு. முதல்ல பாவரோட்டி தனியா இத பாடுவாரு, அப்புறம் கடைசில ஒன்ஸ்மோர் கேட்டப்ப மூணு பேரும் வரிய பங்கு போட்டு பாடி, முடிவுல சேர்ந்து ஏறுவாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. இசையா பாத்தா தனியா பாடினதுதான் ஒசத்தி, கும்மாளமா பாத்தா ரெண்டாவது.

இப்ப மைக் விஷயம், இதத்தான் நெறைய பேரு யோசிக்கிறதில்ல. ஓபரா ஹவுஸ்ல மைக் கிடையாது. ரெண்டாயிரம் மூவாயிரம் பேர் உக்கார்ற அரங்கம், பள்ளத்துல அறுபது எழுபது பேரு வாசிக்கிறாங்க, அதத் தாண்டி ஒத்த ஆளோட குரல் எப்படி கேக்குது? சத்தமா கத்துறதால மட்டும் இல்ல. ஆர்கெஸ்ட்ராவோட சத்தம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிஞ்சிருக்கும், அதுக்கு மேல போகப் போக சட்டுனு குறைஞ்சுடும். பயிற்சி எடுத்த ஓபரா பாடகர் தொண்டைய ஒரு விதமா அமைச்சு, குரல்வளைய கீழ எறக்கி பாடுறப்ப 3000 ஹெர்ட்ஸ் பக்கத்துல தனியா ஒரு மேடு உண்டாகுது. ஆர்கெஸ்ட்ரா பலவீனமா இருக்கிற அந்த சந்துல குரல் புகுந்து வந்துடுது, நம்ம காதுக்கும் அந்த இடத்துலதான் கூர்மை ஜாஸ்தி. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் யோஹான் சுண்ட்பெரி 1970கள்ல இத அளந்து விளக்கினாரு. பாடகர் குரல்ல ஒரு மினுக்கு, ஒரு ரீங்காரம் கேக்குதே, அதுதான் இது. மத்தவங்களுக்கு 'கத்துற மாதிரி' படுறதும் பெரும்பாலும் இதுதான்.

ஆனா இந்த வித்தை வேலை செய்ய சுவரும் கூரையும் வேணும், சத்தம் பட்டு திரும்பி வரணும். திறந்தவெளில சத்தம் போனா போனதுதான். வெரோனால இருக்கிற கல் அரங்கம் ஒரு விதிவிலக்கு, 1913லருந்து அங்க திறந்தவெளி ஓபரா நடக்குது, வட்டமான கல் படிக்கட்டு சத்தத்த ஓரளவு திருப்பி குடுக்கும்ங்குறதால நெடுங்காலம் மைக் இல்லாமலே ஓட்டினாங்க. கரகல்லாவும் ரோம் ஓபராவோட கோடைக்கால இடம்தான், 1937லருந்து. கி.பி. 216ல தொறந்த குளியல் மண்டபம், இப்ப பாதி செங்கல் சுவரும் மீதி வானமும். அன்னைக்கு ஆறாயிரம் பேரு நேர்ல, அதுக்கு மேல உலகம் பூரா டிவி. மைக் இல்லாம நடக்காது.

மைக் வந்ததும் ஒரு மாற்றம் ஆயிடுது, குரலோட சைஸு தெரியாமப் போயிடுது. ஓபரா ஹவுஸ்ல யார் குரல் பெருசு, யார் குரல் சின்னதுன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். வீடியோல மிக்ஸிங் பண்றவரு மூணு பேரயும் ஒரே மட்டத்துக்கு கொண்டு வந்துடுறாரு, ஆர்கெஸ்ட்ராவ தேவைக்கு கீழ எறக்கிடுறாரு. அதனால இந்த வீடியோவ பாத்துட்டு யார் குரல் பெருசுன்னு சண்டை போடுறது வீண். யார் மூச்ச எங்க எடுக்குறாங்க, வார்த்தைய எப்படி உச்சரிக்கிறாங்க, மெதுவா பாடுற இடத்துல குரல் நடுங்குதா இல்லையா, இதெல்லாம் ஓபரா ஹவுஸ்ல பின் வரிசைல உக்காந்தவனுக்கு கேக்காத அளவுக்கு கிட்டத்துல கேக்கும். அத கேளுங்க.

கேமராவும் அதே மாதிரிதான். டிவிக்காக டைரக்ட் பண்ணது பிரையன் லார்ஜ், ஓபராவ படம் புடிக்கிறதுல பேர் வாங்கினவரு. ஓபரா ஹவுஸ்ல பால்கனிலருந்து பாத்தா பாடகர் கட்டைவிரல் சைஸ், இங்க நெத்தி வேர்வை தெரியுது. மேல் ஸ்வரத்துக்கு முன்னாடி பாவரோட்டி புருவம் ஏறும், கண்ணு பெருசாகும், பாடி முடிச்சதும் கை ரெண்டையும் விரிச்சு சின்ன புள்ளை மாதிரி சிரிப்பாரு. கேமராவுக்குன்னே நடந்த மாதிரி ஒரு இடம் இருக்கு, 'ஓ சோலே மியோ'. பாவரோட்டி ஒரு இடத்துல ஸ்வரத்த புடிச்சு வேணும்னே கமகம் மாதிரி நீளமா ஆட்டி விடுவாரு, திரும்ப பாடுறப்ப மத்த ரெண்டு பேரும் சேர்ந்து அப்படியே அவர நக்கல் பண்ணி ஆட்டுவாங்க, கூட்டம் வெடிச்சுடும். போட்டியாளருங்கன்னு பேப்பர்ல எழுதின ஆளுங்க இப்படி விளையாடுறத பாத்ததுலதான் பாதி உலகம் விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி வர்ற நீளமான மெட்லி, லாலோ ஷிஃப்ரின் கோத்து குடுத்தது, ப்ராட்வே பாட்டு நாபோலி பாட்டு எல்லாம் கலந்து கட்டினது, அது எனக்கு அவ்வளவா ஒட்டல, ஓட்டிட்டு பாத்தாலும் குத்தமில்ல.

அந்த கச்சேரியோட ஆல்பம் கிளாசிக்கல் இசைல உலகத்துலயே அதிகம் வித்ததுன்னு கின்னஸ்ல ஏறுச்சு. மூணு பேரும் ராயல்டி கேக்காம மொத்தமா ஒரு தொகைக்கு ஒத்துக்கிட்டு பாடியிருந்தாங்க, இப்படி விக்கும்னு யாரு கண்டா. அடுத்தடுத்த தடவை கணக்கு சரியாயிடுச்சு, 1994ல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியம், 1998ல பாரிஸ்ல ஈஃபிள் டவர் அடில, 2002ல யோகோஹாமால, எல்லாமே உலகக் கோப்பையோட ஒட்டித்தான். மேடை பெருசாகிக்கிட்டே போச்சு, பாட்டு லேசாகிக்கிட்டே போச்சு. இது ஓபராவ மலிவாக்குதுன்னு அப்பவே விமர்சகருங்க திட்டினாங்க, பின்னாடி நடந்த கச்சேரிங்கள வச்சு பாத்தா அதுல நியாயம் இருக்கு. ஆனா 1990க்கு அது பொருந்தாது, அதுல இருந்த ஓபரா பாட்டுங்கள்ல பெரும்பாலானது அவங்க மேடைல வேஷம் கட்டி பாடின பாட்டுங்க.

திறந்தவெளிக்கு இன்னொரு வில்லன் வானிலை. 1991ல லண்டன் ஹைட் பார்க்ல பாவரோட்டி பாடினப்ப கொட்டோ கொட்டுன்னு மழை, இளவரசி டயானா உட்பட அத்தனை பேரும் தொப்பலா நனைஞ்சாங்க. 2006ல டூரின் குளிர்கால ஒலிம்பிக்ஸ் துவக்க விழால அவர் கடைசியா நெஸ்ஸுன் டோர்மா பாடினாரே, அது முன்னாடியே ரெக்கார்ட் பண்ணது, அந்த குளிர்ல, இருந்த உடம்பு நிலைல நேர்ல பாட முடியாதுன்னு வாயசைச்சாருன்னு அவர் கூட வேலை செஞ்ச கண்டக்டரே பிற்பாடு சொல்லிட்டாரு. அடுத்த வருஷமே பாவரோட்டி இறந்துட்டாரு.

இந்த கச்சேரி பிடிச்சிருந்தா அடுத்து எத பாக்குறது? கதையோட ஒரு முழு ஓபரா, அதுவும் ஓபரா ஹவுஸுக்கு வெளில எடுத்தது. ரெண்டு இருக்கு, ரெண்டுலயும் கண்டக்டர் மேத்தாவேதான். ஒண்ணு 1998ல 'துரான்டோட்'ட பீஜிங்ல தடைசெய்யப்பட்ட நகரத்த ஒட்டி இருக்கிற பழைய அரச கோயில் வளாகத்துலயே போட்டாங்க, டைரக்‌ஷன் ஜாங் யிமோ, உடையும் கூட்டமும் பாக்க கண்ணு பத்தாது. இன்னொண்ணு 1992 'டோஸ்கா', இது இன்னும் கிறுக்குத்தனம். கதைல வர்ற அதே தேவாலயம், அதே அரண்மனை, அதே கோட்டை, கதைல வர்ற அதே நேரத்துல, டிவில நேரலை. ஆர்கெஸ்ட்ரா வேற எங்கயோ ஸ்டுடியோல, பாடுறவங்க கண்டக்டர மானிட்டர்ல பாத்து பாடணும். ஓவியனா டொமிங்கோ, டிவி டைரக்‌ஷன் மறுபடி பிரையன் லார்ஜ். சப்டைட்டில் இருக்கிற காப்பியா பாத்து எடுங்க, முதல் அங்கம் ஆரம்பத்துல கொஞ்சம் மெதுவாத்தான் போகும், அதே அங்கத்துல போலீஸ் தலைவன் ஸ்கார்பியா வந்ததும் எங்கயும் நிறுத்த மாட்டீங்க. கரகல்லால கேட்ட நட்சத்திரப் பாட்டு மூணாவது அங்கத்துல வரும், இந்த தடவை நெஜக் கோட்டைல, விடியக்காலைல.